சண்முகவேலின் படம்

ஆடி 2, வியாழன்

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. மருந்துக் கடை திறந்ததும் முதல் வேலை, போட்டி அறிக்கையை வாசகசாலைச் சுவரில் ஒட்டியது. ஈரத்தில் பசை பிடிக்காமல் கழன்று கழன்று விழுந்தது. கடைசியில் ஆணி.

வாசகம் என்னுடையது. காமிராக் கழக உறுப்பினர்களுக்கான கலைப் படப் போட்டி. ஆளுக்கு ஒரு படம். எடுப்பது, கழுவுவது, அச்சிடுவது மூன்றும் உறுப்பினர் தம் கையாலேயே செய்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி சென்ற வருஷம் சேர்த்தது. பாதிப் பேர் எடுத்த கண்ணாடிப் பிளேட்டைத் திருநெல்வேலி ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டு, வந்ததைத் தாங்கள் செய்ததாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காரியதரிசி என்ற முறையில் நான்தான் நிறுத்தினேன்.

நடுவர், மதராஸ் ஓவியர் ஒருவர். சாரலுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருக்கிறார். கழகத் தலைவர் வக்கீல் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கினார்.

சாயங்காலம் சிநேகிதன் சண்முகவேல், மேலகரத்திலிருந்து சைக்கிளில், தொப்பலாக நனைந்து. (இனி ச.வே. யுத்த காலம், மைகூட நல்லதாகக் கிடைக்கவில்லை.) அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு நேரே கடைக்கு வந்தான்.

"ஏலே பரமசிவம், இந்தத் தடவை நான் போடுதேன்."

"போடேன். யாரு வேண்டாங்கா?"

"வெளையாட்டுக்குச் சொல்லலே. வக்கீல் அண்ணாச்சி வார்த்தை குடுத்திருக்காரு."

விஷயம் இது. குற்றாலம் ரோட்டில் வக்கீலின் புதுக் கட்டடம். முன்னறை காலி. அங்கே ஸ்டூடியோ வைக்க ச.வே. கேட்டிருக்கிறான். சீசனுக்கு வருகிற கூட்டம் முழுக்க அந்த வழியாகத்தான் போக வேண்டும். பேர் தெரியாத ஆளுக்கு எப்படி அறையைக் கொடுப்பது என்று வக்கீலுக்கு யோசனை. "பரிசு வாங்கிக் காட்டுலே, மறுநாளே சாவி ஒனக்கு" என்றாராம்.

கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். பங்கு பிரித்ததில் அவனுக்கு வந்தது மேட்டு வயல். தண்ணீர் ஏறாது. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் இழுத்துவிட்டான்.

வீட்டில் என் மனைவி செண்பகத்திடம் (இனி செ.) சொன்னேன். "கோமதிக்கு நல்ல காலம் வரட்டும்" என்றாள். இவளுக்கு ச.வே. என்றால் கோமதியின் புருஷன், அவ்வளவுதான்.

கடையில் படம் கழுவுகிற ஹைப்போ தீரும் நிலை. பிளேட் பெட்டி சொற்பம். இனிக் கப்பல் வந்தால்தான்.

ஆடி 4, சனி

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு குற்றாலம். காமிரா, அதன் கால்கள், கறுப்புத் துணி, குடை. குடையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்.

அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் வாசனையும் சீயக்காய் வாசனையும் பாலம் வரை. லென்ஸைத் துடைத்தால் ஈரம், துடைக்காவிட்டாலும் ஈரம். ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்: "ஏட்டி, தலையைத் துவட்டுட்டி, ராத்திரி காய்ச்சல் வந்தா நானா முழிக்கது?"

வழக்கமான பாறையில் நின்று, வழக்கமான கோணம். வேறு எங்கே நிற்பது? இரண்டு பிளேட் செலவு. இரண்டாவதில் கடைசி நொடியில் ஒரு தொந்திக்காரர் குறுக்கே.

செ. சொன்னாள்: "அருவிக்கே உங்களைப் பாத்துச் சலிச்சிருக்கும்."

இருமல் மருந்துக்கு இப்போது நல்ல ஓட்டம். புட்டி மூடி வாங்க வேண்டும்.

ஆடி 5, ஞாயிறு

மேலகரம் போயிருந்தேன். ச.வே. வரச் சொல்லியிருந்தான், போட்டிப் படத்தைக் காட்ட.

அவன் வீட்டுப் பின்னறையில் முன்பு வைக்கோல் போட்டிருந்தார்கள். இப்போது சாக்குப் படுதா, சிவப்புக் கண்ணாடி விளக்கு, பீங்கான் தட்டுகள். அதுதான் இருட்டறை. உள்ளே இன்னும் வைக்கோல் நெடி.

பிளேட்டை விளக்கில் காட்டினான். மேலகரத்து வயல், விடியற்காலை. ஓர் ஆள் ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிறான். முதுகுதான் தெரிகிறது. மேலே முழுக்க மஞ்சு மூட்டம்.

"மலை எங்கலே?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு. பொறு."

அவன் அச்சிட்ட ஒரு படத்தை முதலில் காட்டினான். ஆள், ஏர் எல்லாம் சுத்தமாக இருந்தது. மேலே வெறும் வெள்ளைக் காகிதம். பிறகு கோமதி வந்து உட்கார்ந்தாள். அவள் அச்சிடுவது எனக்குப் புதிதல்ல. இரண்டு வருஷமாகவே அந்த வீட்டில் அப்படித்தான். நகமெல்லாம் மருந்துக் கறை. என் கடைக்கு வந்து மருந்துப் பேரைச் சொல்லி வாங்குகிறவளும் அவள்தான்.

அட்டையில் ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தாள். பிளேட்டும் காகிதமும் சேர்த்த சட்டத்தை வெள்ளை விளக்குக்கு நேரே பிடித்து, வயலையும் ஆளையும் அந்த அட்டையால் மறைத்துக்கொண்டு, மேல் பக்கத்துக்கு மட்டும் வெளிச்சம் கூடுதலாகக் காட்டினாள். அட்டை ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது, கோடு விழாமல்.

காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டாள். முதலில் ஆள் வந்தான். பிறகு ஏர். பிறகு, எதுவும் இல்லாத இடத்தில், மலை. முழு மலை இல்லை. படுதாவுக்கு அந்தப்புறம் ஆள் நிற்பது தெரியுமே, அந்த அளவு.

கோமதி தட்டை மெல்ல ஆட்டினாள்.

"எனக்குக் கை ஆடிரும்வே" என்றான் ச.வே. "அவளுக்கு நிக்கும். எந்த எடத்துல என்னைக்கு எடுக்கணும்னு நான் பாப்பேன். மத்தது அவ."

கோமதி தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, ஒளுங்காச் சொல்லுங்க. நல்லாருக்கா, இல்லியா? மொகத்துக்காகச் சொல்ல வேண்டாம்."

நல்லாருக்கு என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஸ்டூடியோ வந்தால் பின்பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது, முன்பக்கம் திரைச்சீலையில் அருவி வரைய வேண்டும் என்று இரண்டு பேரும் மாறி மாறி. "நெசமான அருவி பக்கத்துலயே இருக்கும்போது வரைஞ்சது எதுக்கு?" என்று கேட்டேன். "நனையாம நின்னு எடுத்துக்கிடலாம்லா" என்றாள் கோமதி. சிரித்தோம்.

ஆடி 7, செவ்வாய்

நானும் அட்டை வெட்டிப் பார்த்தேன். அருவிக்கு மேலே மேகம் வரவழைக்க.

மேகம் வரவில்லை. கறுப்பாக ஒரு கோடு வந்தது. மூன்று காகிதம் வீண்.

நாளெல்லாம் எரிச்சல். வயிற்றுவலிக்காரர் ஒருவரிடம் காரணமில்லாமல் சள்ளென்று விழுந்தேன்.

ஆடி 9, வியாழன். அமாவாசை.

விடியுமுன் குற்றாலம். தர்ப்பணத்துக்குக் கூட்டம். எள்ளும் தர்ப்பையும் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. வெயில் சிறிது நேரம் தலைகாட்டியது. அந்த நேரத்தில் எடுத்த படம் பரவாயில்லை. அருவி பட்டுத் துணி மாதிரி விழுந்திருக்கிறது. பாறையும் கூர்மை.

பரவாயில்லை என்று எழுதியது குறைச்சல். என் படங்களில் இதுதான் சிறந்தது. இப்படி எழுதும்போதே மேலகரத்து மலை ஞாபகம் வருகிறது.

ஆடி 11, சனி

படங்கள் வந்து சேர்ந்தன. வாசகசாலைக் கூடத்தில் கயிறு கட்டி, ஆணி அடித்து, மாட்டி முடிக்க மத்தியானம்.

பாதிக்கு மேல் அருவி. மீதியில் பெரிய கோவிலின் மொட்டைக் கோபுரம், ஒரு குரங்கு, வக்கீல் மகளின் வீணை (மகளும் இருக்கிறாள், ஓரத்தில்), புளியறையில் மர டிப்போ வைத்திருக்கும் மாத்தனின் யானை. மாத்தன் தன் யானைப் படத்தைத் தானே எட்டி நின்று பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சித் தலையாட்டிக்கொண்டான். நல்ல மனுஷன்.

ச.வே. படத்தை நானே மாட்டினேன். வெளிச்சம் விழுகிற நடு இடத்தில். அதை இங்கே எழுதி வைக்கிறேன். அப்போது என் மனத்தில் ஒன்றும் இல்லை.

செ. சாப்பாடு கொண்டுவந்தாள். சுற்றிப் பார்த்தாள். என் அருவி முன்னால் நின்றாள்: "நல்லாருக்கு." மேலகரத்துப் படத்தின் முன்னால் நின்றவள் அங்கிருந்து நகரவில்லை. தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டே.

"அங்கன இப்ப மழை வரப்போவுது" என்றாள்.

பிறகு: "சோறு ஆறுது, சாப்பிடுங்க."

ஆடி 12, ஞாயிறு

போட்டி நடந்தது. நல்ல கூட்டம். முதல் பரிசு எனக்கு. வெள்ளிக் கோப்பை.

ஒரு படம் விதிக்குப் பொருந்தாததால் நீக்கப்பட்டது. விதி என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

சாரல் இல்லை. புழுக்கம்.

ஆடி 13, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். வாசகசாலை மினிட் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள்? நடந்ததை நடந்தபடி:

ச.வே. புதுச் சட்டை. தூண் ஓரத்தில் நின்றான். கோமதியைச் செண்பகம்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். பெண்கள் நாலைந்து பேரோடு பக்கவாட்டு வாசலில் இருவரும்.

மதராஸ் ஓவியர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் படத்தின் முன்னால், "நல்ல அருவி." அடுத்த அடி எடுத்து வைத்துவிட்டார். ச.வே. படத்தின் முன்னால் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கிட்டே போனார். பின்னால் வந்தார்.

"இதை யார் பண்ணினது? மற்றதெல்லாம் போட்டோ. இதுதான் படம்" என்றார். "அந்த மலையை எப்படிக் கொண்டுவந்தார்?"

வாசல் பக்கம் திரும்பினேன். செ. கோமதியின் தோளில் இடித்துக்கொண்டிருந்தாள். கோமதி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

வக்கீல் எழுந்து, "என்ன செக்ரட்டரி, எல்லாம் விதிப்படிதானே? முடிவைச் சொல்லிரலாமா?" என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. போன வருஷமும் கேட்டார். ஆமாம் என்று நான் தலையாட்டினால் போதும்.

"அந்தப் படத்துல ஒரு விஷயம் இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

என் குரல் எனக்கே மிக மரியாதையாகக் கேட்டது.

"என்ன விஷயம்?"

"அச்சுப் போட்டது சண்முகவேல் இல்லை."

ச.வே. என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. நான் வேறு ஏதோ சொல்ல வந்து வாய் தவறிவிட்டது, இப்போது திருத்திச் சொல்லுவேன் என்பது மாதிரி பார்த்தான். நான் சொல்லவில்லை.

வக்கீல் அவனிடம், "என்னப்பா, நீ அச்சுப் போட்டியா இல்லியா?"

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்?

"எங்க வீட்டுல உள்ளவ போட்டா" என்றான்.

பின்னால் ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "அப்ப கோப்பைக்குப் பதிலா வளையல் வாங்கணும்லா" என்றான். அதற்குக் கூடமே சிரித்தது. ஓவியர், "அதனால் என்ன? படம் படம்தானே?" என்று இழுத்தார். வக்கீல் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "விதி எழுத்துல இருக்கு சார். நாமளே மீறினா நாளைக்கு யாரு மதிப்பா?" என்றார்.

ச.வே. யாரும் சொல்லாமல் தானே போனான். ஆணியிலிருந்து படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டான். வாசல் வழியாக இறங்கும்போது கோமதி அவனுக்கு முன்னாலேயே தெருவில்.

பிறகு ஓவியர் என் படத்தைக் கை காட்டினார். "அப்படியென்றால் இந்த அருவி. சுத்தமாக இருக்கிறது."

கை தட்டினார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

ஆடி 14, செவ்வாய்

செ. இரண்டு நாளாகத் தேவைக்கு மட்டும் பேச்சு. இன்று இலை போடும்போது கேட்டாள்:

"கோமதிதான் அச்சுப் போடுதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முன்னாலேயே."

"விதி எழுதும்போதும் தெரியுமா?"

"அது ஸ்டூடியோக்காரனுக்காக எழுதினது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான்.

கோப்பையை அவள் அலமாரியில் வைக்கவில்லை. கேட்டால் வைப்பாள். நான் கேட்கவில்லை. கடைக்கு எடுத்துவந்து போரிக் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆடி 16, வியாழன்

சவரக்கடையில் காத்திருக்கும்போது காதில் விழுந்தது:

"மேலகரத்தான் சங்கதி கேட்டீரா? பொண்டாட்டி செஞ்ச வேலைக்குத் தன் பேரைப் போட்டு..."

"அவன் எடுத்த படமெல்லாம் அப்படித்தான் இருக்கும்வே."

அப்படி இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். நாவிதர் கழுத்தில் கத்தியை வைத்திருந்தார். அது ஒரு சாக்கு.

பிளேட் கேட்டு மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஆடி 18, சனி

பெருக்குக்கு செ. சித்திரான்னம் செய்தாள். ஒரு தூக்கில் போட்டு, "மேலகரத்துக்குக் கொண்டு போங்க" என்றாள். அவள் சொல்லாவிட்டால் போயிருப்பேனா, தெரியாது.

கோமதி வாசலிலேயே நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. என்னை வாசலில் நிறுத்தியது இதுதான் முதல் முறை.

"அவுஹ வயலுக்குப் போயிருக்காஹ."

"நான் ஒண்ணு சொல்லணும், கோமதி..."

"சொல்லியாச்சுல்லா அண்ணாச்சி. அன்னைக்கே. எல்லாருக்கும் கேட்டுச்சு."

தூக்கை வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தைக் கழுவி உடனே திருப்பிக் கொடுத்தாள். வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்று அதில் கொஞ்சம் புளி போட்டிருந்தாள். முறைக்கு ஒரு குறையும் இல்லை.

வரும் வழியில் வயலில் ச.வே.யைக் கண்டேன். மண்வெட்டியோடு. சைக்கிள் மணி அடித்தேன். கேட்டிருக்கும். காற்று என் பக்கமிருந்துதான் அடித்தது.

ஆடி 23, வியாழன்

வக்கீல் வீட்டுக்குப் போனேன். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: வீட்டார் உதவி ஸ்டூடியோ உதவி ஆகாது என்று விதியைத் திருத்தலாம். கோமதியைக் கழகத்தில் சேர்க்கலாம். இருவர் பேரிலும் அந்தப் படத்துக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். கோப்பையை நான் திருப்பித் தருகிறேன்.

அவர் கட்சிக்காரர் யாரோ காத்திருந்தார். என்னை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்:

"பரமசிவம், குறை சொன்னதும் நீ. பரிசு வாங்கினதும் நீ. இப்ப விதியை மாத்தணும்னு சொல்லுததும் நீயா? ஊரு சிரிக்கும்வே. விட்டுரு."

"அந்த முன்னறை...?"

"காப்பி கிளப்புக்குப் பேசியாச்சு. அவனுக்குக் குடுத்தா நாலு பேரு என்னைக் கேப்பாங்க. ஏமாத்துக்காரன்னு பேரு வாங்கினவன் கடைக்கு எவன் வருவான்?"

"அவன் ஏமாத்தலே அண்ணாச்சி."

"அதை அன்னைக்கு நீதான சொல்லியிருக்கணும்."

நியாயமான ஆள். கோர்ட்டில் ஏன் ஜெயிக்கிறார் என்று தெரிகிறது.

காரியதரிசி வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைக்கூட அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்றார்.

ஆடி 27, திங்கள்

பலத்த மழை. வியாபாரம் இல்லை. உட்கார்ந்து யோசனை.

விதிக்காகச் சொல்லவில்லை. அதை இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். "நல்ல அருவி" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த அடி எடுத்து வைத்தாரே, அந்த இடத்தில்தான். அப்போது என் மனத்தில் விதி கிதி ஒன்றும் கிடையாது. வாசலில் என் மனைவி அவன் மனைவிக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்காக யாரும் இல்லை என்று பட்டது. வக்கீல் கேட்டதும் விதி கைக்கு வந்தது.

அவனுக்கு ஸ்டூடியோ கைவிட்டுப் போகும் என்பதும் தெரிந்தேதான் சொன்னேன்.

ஆடி 30, வியாழன்

கடைவீதியில் ராணுவ லாரி. ஆள் எடுக்கிறார்கள். தவுல் வேறு. இலத்தூரிலிருந்து பையன்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். செ.யின் அக்காள் மகனும் ஒருவன். உயரம் போதவில்லையாம், அழுதுகொண்டே வந்து சோடா குடித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் மாத்தன் வந்தான், தோளில் தோல் பெட்டி. திறந்து காட்டினான். ச.வே.யின் காமிரா. மூலைப் பித்தளையில் அந்தப் பழைய கீறல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நல்ல சாதனம், பரமசிவம். நான் விக்க வேண்டாம்னுதான் பறஞ்சேன். அவன் கேக்கலே. பட்டாளத்துல சேரப் போறானாம், வீட்டுல அரிசிக்கு வேணும்னான்."

கையிலிருந்த மருந்துப் புட்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு வெகுநேரம் தேடினேன்.

ஆவணி 4, செவ்வாய்

ச.வே. கடைக்கு வந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். வேறு ஆள் மாதிரி. ஜுர மாத்திரையும் யூகலிப்டஸ் தைலமும் கேட்டான். எடுத்துக் கட்டினேன். நூல் முடிச்சு விழவில்லை.

"எப்ப?" என்றேன்.

"நாளை மறுநாள். காலம்பற வண்டி. டிரைவர் வேலைக்குச் சொல்லிக் குடுப்பாங்களாம்."

"சம்முவம், இரு. கொஞ்ச நாள் பொறு. நான் வேற அறை பாக்கேன். எம் பேர்ல எடுத்துத் தாரேன்."

"பேரு எழுதிக் குடுத்தாச்சுவே."

வெளியே போனவன் படியில் நின்று திரும்பினான்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். வக்கீல் கேட்டப்ப நீ சரின்னு தலையாட்டியிருந்தா, அது பொய்யா ஆயிருக்குமா?"

நான் கல்லாவைத் திறந்து மூடினேன்.

"ஆயிருக்கும்" என்றான் அவனே. "யோசிச்சுப் பாத்தேன். பொய்தான். ஆனா எனக்காகச் சொல்லியிருக்கலாம்லா."

சண்டை போடுகிற குரல் இல்லை. கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்தான். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் காலைத் தூக்கிக்கொண்டு உருட்டிப் போனான்.

பொட்டலத்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். கடைப் பையனை அனுப்பலாம் என்றால் பையன் இல்லை. நானே கடையை அடைத்துவிட்டுப் போய் கோமதியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஆவணி 6, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று வேட்டி மாற்றினேன். செ. கேட்டாள்: "போயி என்ன சொல்லுவிய?" யோசித்தேன். ஒன்றும் இல்லை.

வண்டி ஊதியது கடை வரை கேட்டது. செ. மட்டும் போய் வந்தாள். கோமதி அழவில்லையாம். ச.வே. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். நல்ல வெயில், மலை முழுதும் தெரிந்தது.

ஆவணி 12, புதன்

தகவல் இல்லை. வடக்கே எங்கோ கொண்டுபோயிருப்பார்கள் என்கிறார்கள். அங்கிருந்து கப்பல் என்கிறார்கள். எல்லாரும் எல்லாம் சொல்கிறார்கள்.

கோப்பையை ஓவியர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று குற்றாலம் போனேன். சீசன் முடிந்து மதராஸ் போய்விட்டாராம். அருவியில் தண்ணீர் குறைந்திருக்கிறது. காமிரா கொண்டுபோகவில்லை.

ஆவணி 16, ஞாயிறு

இன்று கோமதி வந்தாள். வீட்டுக்கு. செ. உள்ளே கூப்பிட்டும் கூடத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

எதுவானாலும் தருகிறேன் என்றேன். மிக வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. அவள் சற்று பின்வாங்கினாள்.

"அவுஹ படம் ஒண்ணு வேணும்."

மேலகரத்துப் படத்தைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அது அவளிடமே இருக்குமே என்றேன்.

"அதை அன்னைக்கே அடுப்புல போட்டாச்சு. பிளேட்டைச் சுடுதண்ணியில ஊறப்போட்டுச் சொரண்டி சாமி படத்துக்குக் கண்ணாடியா மாட்டியாச்சு. அதைக் கேக்கலே. அவுஹ மொகம் உள்ள படம். எங்ககிட்ட ஒண்ணுகூட இல்லே அண்ணாச்சி. காமிராவை எடுத்தா கறுப்புத் துணிக்குள்ள போயிருவாஹ. என்னை எடுத்திருக்காஹ, மாட்டை எடுத்திருக்காஹ, ஊர்ல உள்ளதெல்லாம் எடுத்திருக்காஹ. கல்யாணத்துக்குக்கூட எடுக்க ஆள் இல்லே. நேத்து ராவு கண்ணை மூடிப் பாத்தேன், வெட்டின முடியோட உள்ள மொகம்தான் வருது. முன்னால உள்ளது வரமாட்டேங்கு."

செ. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இத்தனை வருசமா ஒண்ணாச் சுத்துனியள்லா. எங்கயாவது எடுத்திருப்பிய. ஓரமா நின்னாலும் போதும். நான் பெருசாக்கிக்கிடுவேன். மருந்து மட்டும் குடுங்க."

எப்படியும் இருக்கும், தேடி எடுத்து நானே கொண்டுவருகிறேன் என்றேன். சரி என்று போனாள். வாசல்வரை போய், "கட்டாயம் இருக்குமா அண்ணாச்சி?" என்றாள்.

இருக்கும் என்றேன்.

சாப்பிட்டதும் உட்கார்ந்தேன். எல்லாப் பெட்டிகளையும் ஜன்னல் அடியில் வைத்து, ஒவ்வொரு பிளேட்டாக வெளிச்சத்தில். கழகத்தின் குரூப் போட்டோ ஞாபகம் வந்தது, முதலில் அதை எடுத்தேன். வக்கீல் நடுவில், நான் பக்கத்தில், மாத்தன், எல்லாரும். ச.வே. இல்லை. எடுத்ததே அவன்தான். ஐந்தருவிக்கு நாங்கள் இருவரும் போன நாள்: அருவி இருக்கிறது. இலத்தூர் ஏரிக்கரைக்குப் போனோம்: ஏரி இருக்கிறது, கொக்கு இருக்கிறது. செண்பகாதேவி அருவிக்கு ஏறினபோது என் காமிராக் கால்களை வழிநெடுக அவன்தான் சுமந்து வந்தான். அந்தப் பிளேட்டில் பாறை. அருவி.

ஒரு பிளேட்டில் ஓரத்தில் ஒரு தோள். அவன் தோளாக இருக்கலாம். குறுக்கே வராதேலே, தள்ளி நில் என்று நான் கத்தியிருப்பேன். தள்ளி நின்றிருக்கிறான்.

செ. வந்து விளக்கேற்றவா என்று கேட்டாள். வேண்டாம், வெளிச்சம் இருக்கிறது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அருவி என்கிறாள். அடுத்ததை எடுக்கிறாள். அருவி என்கிறாள்.

இன்னும் இரண்டு பெட்டி.